பெருமரங்களுக்காக வாதாடிய ஜோன் மியூர்

புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது, சித்திரையில் பிறந்த ஒருவரைப் பற்றியே எழுதுவோம் என்று நினைத்தேன். 1838ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் டன்பார் என்ற சிறு கடற்கரைப் பட்டினத்தில் பிறந்தவர் ஜோன் மியூர். உலகத்தின் மிகப் பெரிய மரங்களில் ஒரு பகுதி இன்றைக்கும் வெட்டுப்படாமல் நிற்பதற்கு இவரும் ஒரு முக்கிய காரணம். எம்மவர் பலருக்கு இவரைத் தெரியாது. கலிபோர்ணியாவுக்குப் போகும்வரை எனக்கும் தெரியாது.

தகப்பன் டானியல் மியூர் தானிய வியாபாரி. கடும் பக்திக்காரர். பிள்ளைகளுக்கு வேதப்புத்தகத்தை அடித்தே பாடமாக்கினார். புதிய ஏற்பாடு முழுவதும், பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதியும் மியூருக்கு மனப்பாடம். 1849இல் திடீரென்று ஒரு நாள் அமெரிக்கா போகிறோம் என்றார் தகப்பன். மூத்த பிள்ளைகளில் மூன்று பேரை மட்டும் கூட்டிக்கொண்டு முதலில் கப்பலேறினார். தாயும் மற்றப் பிள்ளைகளும் பிறகுதான் வந்தார்கள். குடும்பம் இரண்டாகப் பிரிந்து வந்து சேருவது எங்களுக்குப் புதினமில்லை. மியூருக்கு அப்போது 11 வயது.

விஸ்கொன்சின் மாநிலத்தில் காடு வெட்டிக் கமம் செய்தார்கள். அந்தப் பெடியனைத் தகப்பன் மாடு மாதிரி வேலை வாங்கினார் என்றுதான் சொல்லவேண்டும். இரண்டாவது காணியில் தண்ணீர் இல்லை. 90 அடி ஆழத்துக்குக் கிணறு வெட்டினார்கள். முதல் பத்து அடியோடு கல் வந்துவிட்டது. உளியும் சுத்தியலுமாகத் தனியே இருந்து மாதக்கணக்காகக் கொத்தியவர் மியூர். காலையில் வாளியில் இறக்குவார்கள், மத்தியானம் சாப்பாட்டுக்கு ஏற்றுவார்கள், திரும்ப இறக்குவார்கள். 80 அடியில் ஒரு காலை நச்சுக் காற்று நிரம்பியிருந்து மயக்கம் போட்டுவிட்டார். மேலே இழுத்து எடுத்ததே பெரிய காரியம். ஒன்றிரண்டு நாள் ஆறவிட்டுத் தகப்பன் மறுபடி இறக்கினார். கல்லுக் கிணறு வெட்டின ஊர்ச் சனத்துக்கு இதன் பயம் விளங்கும்.

இரவில் விளக்கு வைத்துப் படிக்கத் தகப்பன் விடமாட்டார். விடிய எழும்பிப் படிக்கலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். மியூர் அன்று தொடக்கம் சாமம் ஒரு மணிக்கு எழும்பத் தொடங்கினார்! பனிக்குளிரில் நிலவறைக்குள் இருந்து புத்தகம் படித்தார், மரத்தில் மணிக்கூடு செய்தார். நேரத்துக்குக் கட்டிலைச் சரித்து ஆளை எழுப்பிவிடும் மெஷின் ஒன்றும் செய்தார். 1860இல் அவற்றை மடிசன் நகரத்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது சனம் கூடிப் பார்த்தது. அங்கேயே பல்கலைக்கழகத்தில் இரண்டரை வருடம் படித்தார். பட்டம் எடுக்கவில்லை. ஏ.எல். உடன் படிப்பை விட்ட எனக்கு இந்த இடம் கொஞ்சம் ஆறுதல்.

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். பெடியளைப் படைக்குப் பிடித்துக்கொண்டிருந்த காலம். தம்பி ஏற்கனவே எல்லை கடந்து கனடாவுக்குப் போயிருந்தான். 1864இல் மியூரும் வந்தார். ஒன்ராறியோவில் மீபோர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில், தும்புத்தடிக்கும் வாருகோலுக்கும் பிடி செய்கிற ஒரு மர ஆலையில் வேலை. 1866இல் ஆலை எரிந்துபோக, திரும்பிப் போய் இன்டியானாபொலிஸ் நகரத்தில் வண்டிச் சில்லுகளும் பாகங்களும் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். கெட்டிக்காரன் என்று முதலாளிகளுக்கு நல்ல பிடிப்பு. ஆள் அப்படியே தொழிற்சாலையோடு முதலாளியாகியிருப்பார்.

1867 மார்ச்சில் ஒரு நாள், மெஷின் பெல்ற் ஒன்றை அரத்தின் கூர்முனையால் தட்டி இளக்கும்போது அரம் வழுக்கி வலது கண்ணில் ஏறிவிட்டது. அந்தக் கண் போனது. சில மணித்தியாலத்தில் மற்றக் கண்ணும் அதோடு சேர்ந்து இருண்டுவிட்டது. நானும் மெஷினோடு நிற்கிறவன். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாத அந்தக் காலத்தை நினைத்தாலே உடம்பு கூசும். இருட்டறையில் கிழமைக்கணக்காகப் படுத்திருந்தார். பிறகு மெல்ல மெல்லப் பார்வை திரும்பியது. எழும்பியவர் மெஷின் வேலையை விட்டார். கண் இருக்கும்போதே பார்க்கவேண்டியதைப் பார்த்துவிடவேண்டும் என்று வெளிக்கிட்டுவிட்டார். கென்ரக்கியிலிருந்து புளோரிடாக் கடற்கரை வரை ஏறக்குறைய 1000 மைல் நடை. அங்கே மலேரியாக் காய்ச்சலில் விழுந்து, எழும்பி, கியூபா போய், கடைசியில் 1868இல் கப்பலில் சான்பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினார். இறங்கிய கையோடு யொசெமிற்றி மலைப் பள்ளத்தாக்குக்கு நடந்தார்.

1869இல் ஆடு மேய்க்கும் கூட்டத்தோடு சியெரா மலைக்கு ஏறினார். பிறகு பள்ளத்தாக்கில் ஒரு மர ஆலையை நடத்தினார். அதிலும் தானாக விழுந்து கிடந்த மரத்தைத்தான் அரிந்தார். ஓய்வு கிடைத்தால் ஒரு துண்டுப் பாணும் தேயிலையும் கட்டிக்கொண்டு மலைக்குள் போய்விடுவார். பல நாள் போர்வைகூட இல்லை. மரத்தடியில் நெருப்பு மூட்டி அதன் பக்கத்திலேயே படுக்கை.

இந்த மரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். றெட்வூட் என்று பொதுவாகச் சொன்னாலும் இரண்டு சாதி உண்டு. கடற்கரையோரமாகப் பனிமூட்டத்தில் வளர்வது ஒன்று. உயரத்தில் உலகத்திலேயே முதலாவது. 2006இல் கண்டுபிடித்த ஒரு மரம் 115 மீற்றருக்கும் மேல். மற்றது சியெரா மலையின் மேற்குச் சரிவில் மட்டும் உள்ள இராட்சத செக்குவோயா. உயரத்தில் அதைவிடக் குறைவு, ஆனால் பருமனில் இதற்கு மேல் மரம் இல்லை. ஜெனரல் ஷேர்மன் என்று பெயரிட்ட மரம் 84 மீற்றர் உயரம், அடியில் சுற்றளவு 31 மீற்றர். வயது 2000க்கு மேல். பனைமரம் நாலை ஒன்றுக்குமேல் ஒன்றாக நிறுத்தினால்தான் உச்சியை எட்டலாம். இவ்வளவு பெரிய மரத்தின் விதையோ ஓட்ஸ் செதில் அளவுதான். பட்டை இரண்டு அடி வரை தடிப்பு, இலகுவில் நெருப்புப் பிடிக்காது. காட்டுத்தீயின் சூட்டில்தான் காய்கள் காய்ந்து விரிந்து விதை கொட்டும். சாம்பல் நிலத்தில்தான் கன்று நன்றாக முளைக்கும்.

லொஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிற அக்கா குடும்பத்தோடு நாங்கள் போனது செக்குவோயா தேசியப் பூங்காவுக்கு. லொட்ஜ்போல் என்ற இடத்தில் ரென்ற் அடித்து இரண்டு இரவு. ஆடி மாதம்தான், ஆனாலும் 6700 அடி உயரம், இரவில் குளிர் நடுங்கும். கரடி வரும் என்பதால் சாப்பாடு, சவர்க்காரம், பற்பசை எல்லாவற்றையும் அங்குள்ள இரும்புப் பெட்டிக்குள் பூட்டவேண்டும். அக்கா கருவாடு கொண்டுவந்திருந்தா. அந்தப் பெட்டியை எத்தனை தரம் பூட்டிப் பார்த்தோம் என்று கணக்கில்லை.

அம்மா ரென்றுக்குள் படுக்கமாட்டன் என்று சொல்லிவிட்டா. காரணம் ஒருவரும் கேட்கவில்லை. 2009இல் செட்டிகுளத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் மாதக்கணக்காகக் கிடந்தவ. வெள்ளைக்காரருக்குக் காம்ப் என்றால் விடுமுறை. எங்கட சனத்துக்கு அந்தச் சொல்லே வேற. இரண்டு இரவும் காருக்குள் சீற்றைச் சரித்துப் படுத்தா. காலையில் மட்டும் எல்லோருக்கும் முதல் எழும்பி, பெரிய மரம் ஒன்றில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றா.

மியூருக்கும் ஒருவரை மரத்தடியில் படுக்கவைக்க முடியாமல் போன கதை உண்டு. 1871இல் அமெரிக்காவின் பெரிய எழுத்தாளர் எமர்சன் யொசெமிற்றிக்கு வந்தார். வயது 68 ஆகப்போகிறது. மரிப்போசாச் சோலையில் செக்குவோயா மரங்களுக்குக் கீழே என்னோடு ஒரு இரவு தங்கவேண்டும் என்று மியூர் மன்றாடினார். எமர்சனுக்கு விருப்பம்தான். கூட வந்தவர்கள், இரவுக் காற்றுப் பிடித்துவிடும் என்று சொல்லி விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த நாள் சோலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர்கள் குதிரையில் போக, மியூர் மட்டும் நின்று நெருப்பு மூட்டித் தனியே படுத்தார்.

1875இல் பிரௌனி என்ற கோவேறு கழுதையோடு தெற்கே நடந்து, எந்தெந்தச் சரிவில் இந்த மரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போனார். நாங்கள் தங்கிய இடத்துக்குப் பக்கத்திலுள்ள ஜயன்ற் பொரெஸ்ற் என்ற சோலைக்குப் பெயர் வைத்தவரே அவர்தான். விழுந்து கோறையான ஒரு மரத்துக்குள் வீடு கட்டியிருந்த மாட்டுக்காரர் ஹேல் தார்ப் என்பவருடன் அங்கே தங்கினார். அந்த மரவீட்டை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

போன வழியெல்லாம் மர ஆலைகள். 1853இலேயே கலவெராஸ் என்ற இடத்தில் ஒரு மரத்தைத் துளைத்துத் துளைத்து 22 நாளில் விழுத்தி, அடிக்கட்டையின் மேல் நடனம் ஆடினார்கள். இந்த மரம் பாரத்தால் விழும்போதே நொறுங்கிப்போகும். 2000 வருடம் நின்றது கடைசியில் வேலிக்கட்டையும் கூரை ஓட்டுப் பலகையும்! இதை மியூர் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கினார். எழுதுவது அவருக்குப் பெரிய வில்லங்கம். நடப்பது சுகம், மேசையில் இருப்பது தண்டனை. 1880இல் லூயி ஸ்ரென்செல் என்ற பெண்ணை முடித்து, மார்ட்டினெஸ் என்ற ஊரில் மாமனாரின் பழத்தோட்டத்தைப் பார்த்து, இரண்டு பெண் பிள்ளைகளையும் வளர்த்தார். ஏழெட்டு வருடம் மலைப்பக்கம் அதிகம் போகவில்லை. மலைக்குப் போ என்று திருப்பி அனுப்பியது மனைவிதான். கணவன்மாருக்கு இப்படி ஒரு மனைவி வாய்க்கவேண்டும்.

1890இல் செக்குவோயா, யொசெமிற்றி, ஜெனரல் கிராண்ட் ஆகிய மூன்றும் தேசியப் பூங்காக்களாயின. 1892இல் சியெரா கிளப் என்ற சங்கம் தொடங்க, சாகும்வரை அவரே தலைவர்.

1903 மே மாதம் ஜனாதிபதி தியடோர் றூஸ்வெல்ட் கலிபோர்ணியா வந்தபோது மியூரோடு காட்டில் தங்க ஆசைப்பட்டார். மே 15ஆம் திகதி இரவு, மரிப்போசாச் சோலையில் கிறிஸ்லி ஜயன்ற் என்ற மரத்தடியில் ஒரு நாட்டின் ஜனாதிபதி ரென்ற் இல்லாமல் போர்வைக் குவியலில் படுத்தார். அடுத்த இரவு மலை மேலே. விடிய எழும்பினால் போர்வை எல்லாம் பனி. றூஸ்வெல்ட்டுக்கு அது பெரிய சந்தோசம். மூன்றாவது இரவு பள்ளத்தாக்கில். பெரிய மனிதர்கள் ஏற்பாடு செய்த விருந்தை விட்டுவிட்டு நெருப்புக்குப் பக்கத்தில் இருந்து கதைத்தார்கள். அப்போது பள்ளத்தாக்கும் மரிப்போசாச் சோலையும் மாநில அரசின் கையில் சீரழிந்துகொண்டிருந்தன. 1906இல் இரண்டும் மத்திய அரசின் பூங்காவோடு சேர்ந்தன. 1908இல் சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகே கடற்கரை றெட்வூட் காடு ஒன்றை வில்லியம் கென்ற் என்பவர் நாட்டுக்குக் கொடுத்து, அதற்கு மியூர் வூட்ஸ் என்று பெயரும் வைத்தார்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் ஊர் இழந்த சனம் வாசிக்கிற மலரில் மற்றப் பக்கத்தையும் எழுதவேண்டும். யொசெமிற்றி வெறும் காடாக இருந்ததில்லை. அவானிச்சி என்ற ஆதிக்குடிகள் வாழ்ந்த ஊர் அது. 1851இல் ஒரு ஆயுதப்படை புகுந்து குடிசைகளையும் சேமித்த உணவையும் எரித்து அவர்களைத் துரத்தியது. மியூர் வந்தது அதற்குப் 17 வருடம் கழித்து. திரும்பி வந்து ஒதுங்கி இருந்த அந்த மக்களை அவர் தன் கண்ணால் பார்த்தார். அவர்களை அழுக்கர்கள் என்ற விதமாகத்தான் எழுதினார். பிற்காலத்தில் அலாஸ்காவில் ஆதிக்குடிகளோடு பழகியபின் மதிப்பாக எழுதியிருக்கிறார், அதுவும் உண்மை. ஆனாலும் மனிதன் இல்லாத தூய இடம் என்று அவர் வர்ணித்தது, மனிதரை எழுப்பிவிட்ட இடத்தை. பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த ஆதிக்குடி வீடுகளை 1969இல் பூங்கா நிர்வாகமே அழித்தது. 2020இல் சியெரா கிளப் தன் தலைவரின் அந்த எழுத்துகளுக்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது.

எங்கட காணிகளும் வேலி அடித்து, வேறு பெயர்ப்பலகை போட்டுக் கிடந்தவைதான். அதனால் இந்த இடத்தில் மியூரை என்னால் மன்னித்து எழுத முடியவில்லை. மரத்துக்காக அவ்வளவு வாதாடியவருக்கு இந்த நியாயம் ஏன் கண்ணில் படவில்லை என்று அங்கே நின்றபோதே யோசித்தேன். மரத்தைக் காத்ததற்கு நன்றியும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

கடைசிப் போராட்டத்தில் மியூர் தோற்றார். யொசெமிற்றிப் பூங்காவுக்குள்ளேயே இருந்த ஹெச் ஹெச்சி என்ற பள்ளத்தாக்கில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கு அணை கட்ட 1913 டிசம்பரில் சட்டம் வந்தது. மியூர் வூட்ஸ் காட்டைக் கொடுத்த அதே கென்றும் அணையின் பக்கம் நின்றார். ஒரு வருடம் கழித்து, 1914 டிசம்பர் 24ஆம் திகதி, நியூமோனியாக் காய்ச்சலில் லொஸ் ஏஞ்சல்ஸ் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 76. மார்ட்டினெஸில் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம்.

2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தீயில் ஆயிரக்கணக்கான பெரிய செக்குவோயாக்கள் செத்துப்போயின. வறட்சியும், நூறு வருடமாகச் சின்னத் தீயையெல்லாம் அணைத்து அணைத்துச் சேர்ந்த சருகும் காரணம் என்கிறார்கள். ஆதிக்குடிகள் வருடா வருடம் அளவாகத் தீ வைத்து நிலத்தைத் துப்புரவாக்கி வந்தவர்கள்.

கலிபோர்ணியா தூரம், செலவும் அதிகம். ரென்ற் அடிக்கும் இடத்துக்கு மாதக்கணக்காக முன்னரே பதிய வேண்டும். ஆனால் மியூர் வேலை செய்த மீபோர்ட் ரொறன்ரோவிலிருந்து காரில் இரண்டேகால் மணித்தியாலம்தான். ஆலை இருந்த பக்கமாக ஆற்றோரம் ட்ரவுட் ஹொலோ என்ற நடைபாதை இருக்கிறது. பிள்ளைகளோடு காலையில் போனால் பின்னேரம் திரும்பிவிடலாம். மழை பெய்த அடுத்த நாள் போகவேண்டாம், சேறு கணுக்கால் மட்டும் வரும்.