டிக்கன்ஸும் ஒரு கிறிஸ்துமஸ் கதையும்

கிறிஸ்துமஸ் விடுமுறை அணுகுகின்றது. ஓய்வில் படிக்கத்தக்க நூல் யாதென வினவும் அன்பர்களுக்கு, சார்லஸ் டிக்கன்ஸ் இயற்றிய 'கிறிஸ்துமஸ் கேரல்' என்னும் சிறு கதையை நாம் சிபார்சு செய்கிறோம். பழைய பாணிக் கதைதான். ஓரிரு மாலைகளில் படித்துவிடலாம். ஆயினும் ஆசிரியரின் சரித்திரத்தை அறிந்து படிப்போர்க்கே அதன் உட்பொருள் நன்கு விளங்கும்.

டிக்கன்ஸ் 1812-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். தந்தையார் கடற்படைச் சம்பளக் காரியாலயத்தில் குமாஸ்தா. வரவுக்கு மிஞ்சிய செலவுக்காரர். 1824-இல் கடனுக்காக அவர் லண்டன் மார்ஷல்ஸீ சிறையில் அடைபட்டார். 12 வயதுச் சார்லஸ், பூட்ஸ் மை செய்யும் தொழிற்சாலையொன்றில் மைக் குப்பிகளுக்கு லேபில் ஒட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டார். நாளொன்றுக்கு 10 மணி நேர வேலை. வாரக் கூலி 6 ஷில்லிங். தந்தை விடுதலையான பின்னரும், மகன் அவ்வேலையில் நீடிக்கவேண்டுமென்றே தாயார் விரும்பினார். அப்புண் அவருள்ளத்தில் ஆறவேயில்லை. உலகப்புகழ் எய்திய பின்னும் தம் குழந்தைகளுக்குக்கூட அவர் இதனைக் கூறவில்லை. அவர் மறைந்த பிறகு, நண்பர் பார்ஸ்டர் எழுதிய சரித்திரத்தினாலேயே உலகம் இதனை அறிந்தது.

பின்னர் அவர் வக்கீல் குமாஸ்தாவானார். சுருக்கெழுத்துப் பயின்று பார்லிமெண்டு நிருபரானார். 1836-இல் தொடங்கிய 'பிக்விக்' தொடர்கதையால் பெரும் கீர்த்தி பெற்றார்.

1843-இல், தொழிற்சாலைகளில் சிறுவர் படும் பாட்டை விசாரித்த கமிஷனின் அறிக்கை அவர் கைக்கு வந்தது. கண்டனப் பிரசுரம் ஒன்று வெளியிட முதலில் எண்ணினார். கதையே ஆழப் பாயும் எனப் பின்னர்த் துணிந்தார். ஏறக்குறைய ஆறு வாரங்களில் எழுதி முடித்தார். டிசம்பர் 19-ஆம் தேதி வெளியான நூலின் 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன.

கதை எளியது. ஸ்குரூஜ் என்னும் கருமியிடம் கிறிஸ்துமஸ் இரவில் ஆவிகள் வந்து, அவனுடைய முக்காலத்தையும் காட்டுகின்றன. விடியும்போது அவன் இரக்கமுள்ள மனிதனாகிறான். ஓர் ஆவியின் அங்கிக்குள் எலும்புந்தோலுமான இரு குழந்தைகள் ஒண்டியிருக்கின்றனர். சிறுவன் அறியாமை, சிறுமி வறுமை. இருவருள்ளும் சிறுவனுக்கே அதிகம் அஞ்சவேண்டுமென ஆசிரியர் எச்சரிக்கின்றார்.

இவ்வெச்சரிக்கை நமக்கு அந்நியமன்று. 1920-களில் சிவகாசியில் தோன்றிய தீப்பெட்டித் தொழில் கரிசற்பூமிக்குச் சோறளித்தது, அதனை மறுப்பாரில்லை. ஆயினும், பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாக, விடியுமுன்னரே வண்டியேறிப் பெட்டி ஒட்டச் சென்ற சிறுவர் சிறுமியர் எத்தனை ஆயிரவர்! 1986-இல் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு, அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட குழந்தை ஒன்றுக்கு முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. நிலைமை பெரிதும் திருந்தியுள்ளது. எனினும் சட்டம் முதலாளியைத் தண்டிக்கும். தந்தையின் கடனைத் தீர்க்காது. லண்டனில் ஒரு சிறுவனை மைக் குப்பிகளிடம் அனுப்பியதும் அக்கடனே.

பொதுநல ஊழியர்கள் இக்கதையைத் தாமும் படித்து, பிறர்க்கும் படித்துக் காட்டுவார்களாக. விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும் நாளில், ஆனைக்குட்டத்திலும் அண்டையூர்களிலும் வகுப்பில் ஓரிடமேனும் காலியாயிருப்பின், அக்குழந்தையின் வீட்டுக்குச் சென்று காரணம் விசாரிப்பது நம் கடமையாகும்.