எழுதப்படாத தடையும் ஜாக்கி ராபின்சனும்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் விதிநூலில் கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று எழுதப்பட்டிருக்கவில்லை. ஆயினும், 1884க்குப் பிறகு 1947 வரை அவர்களில் ஒருவருக்கும் அங்கு இடம் தரப்படவில்லை. எழுதப்பட்ட தடையை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். எழுதப்படாத தடைக்கோ பொறுப்பேற்பார் எவருமில்லை. அத்தகைய தடையை உடைத்தவர் ஜாக்கி ராபின்சன்.

1919ஆம் ஆண்டு, ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்னும் ஊரில், வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை கைவிட்டுச் சென்றபின், தாய் மேலி கலிஃபோர்னியாவின் பசடேனாவுக்குக் குடிபெயர்ந்து, வீட்டுவேலை செய்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தார்.

1944இல் ராபின்சன் டெக்சாஸில் ராணுவ அதிகாரியாகப் பணியாற்றினார். ராணுவப் பேருந்தின் பின்பகுதிக்குச் செல்லுமாறு ஓட்டுநர் இட்ட கட்டளைக்கு அவர் பணியவில்லை. ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, அவர்மீதான குற்றச்சாட்டுகளில் பேருந்து இருக்கை இடம்பெறவே இல்லை. மேலதிகாரியை அவமதித்தார், கட்டளையை மீறினார் என்பவையே இருந்தன. பாகுபாட்டை மறைத்து, அதை எதிர்த்தவரின் நடத்தையைக் குற்றமாக்கும் இந்த உத்தி நமக்குப் புதிதன்று. ராபின்சன் விடுதலை செய்யப்பட்டார்.

அவ்வாறு பணிய மறுத்தவரிடம்தான், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, தொடக்க ஆண்டுகளில் எந்த வசைக்கும் பதிலடி தரக்கூடாது எனக் கோரினார். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் களமிறங்கினார். எதிரணியினர் இழிசொற்களை வீசினர். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. ஒதுக்கியவர்கள்மீது எந்த நிபந்தனையும் இல்லை. ஒதுக்கப்பட்டவரே தம் பொறுமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

முதலாண்டில் முதல் பேஸையும், அடுத்த ஆண்டு முதல் பெரும்பாலும் இரண்டாம் பேஸையும் அவர் காத்தார். 1949இல் .342 என்ற சராசரியுடன் தேசிய லீக்கின் மட்டை வீச்சில் முதலிடம் பெற்று, அதன் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். 1955இல் டாட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றது.

ஓய்வுக்குப் பின்னும் குடியுரிமைப் போராட்டங்களில் அவர் பங்கேற்றார். 1972 அக்டோபரில், இறப்பதற்கு ஒன்பது நாள்களுக்கு முன்பு, நீரிழிவால் பார்வை மங்கிய நிலையில், தமக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே, கறுப்பினத்தவர் ஒருவர் அணி மேலாளராவதைக் காண விரும்புவதாக அறிவித்தார். தடை உடைந்து கால் நூற்றாண்டு கடந்தும் அப்பதவியில் ஒருவரும் இருக்கவில்லை. 1975இல்தான் பிராங்க் ராபின்சன் முதல் கறுப்பின மேலாளராகப் பணியாற்றத் தொடங்கினார்.

1997இல், ஜாக்கி அணிந்த 42ஆம் எண்ணுக்கு எல்லா அணிகளும் ஓய்வளித்தன. அந்த எண்ணைப் போற்றுவோர் அவருடைய இறுதிக் கோரிக்கையையும் நினைவில் கொள்ள வேண்டும். களத்தில் ஆட இடம் கிடைத்ததோடு அவர் நிறைவடையவில்லை. ஆடுவோரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்திலும் பங்கு கேட்டார்.