ஐடா வெல்ஸ் எழுதிய கணக்கு

போர் முடிந்த பின்வந்த வருடங்களில், பிள்ளையைத் தேடும் அம்மாக்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. யாரும் நியமிக்கவில்லை. ஓரளவு எழுதத் தெரியும் என்பதால் வந்த வேலை. முதலில் எழுதிய மனுக்களில் கண்ணீர், கருணை, கடவுள் என்று சொற்களை அள்ளிப் போட்டிருந்தேன். திகதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என்று மட்டும் எழுதியிருப்பேன். திகதியோடு எழுதியிருந்தால் மட்டும் பதில் வந்திருக்குமா என்று கேட்டால், அதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஐடா பி. வெல்ஸின் வாழ்க்கையை வாசித்த பிறகு நான் மனு எழுதும் விதம் மாறியது.

ஐடா 1862 ஜூலை 16ஆம் திகதி அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஹொலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தார். 1878இல் பரவிய மஞ்சள் காய்ச்சல் தாய், தகப்பன், கைக்குழந்தையான தம்பி என மூவரையும் கொண்டுபோனது. அப்போது அவருக்கு 16 வயது. சகோதரங்களைப் பிரித்து ஆளுக்கொரு வீட்டில் விடுவோம் என்று பெரியவர்கள் முடிவெடுத்தபோது அவர் மறுத்துவிட்டார். பாவாடையின் நீளத்தைக் கூட்டி, வயதுக்கு மூத்தவளாகத் தோன்றும்படி உடுத்து, கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியையானார்.

பிறகு டெனசி மாநிலத்தின் மெம்பிஸ் நகருக்கு வந்தார். முதலாம் வகுப்புப் பயணச்சீட்டோடு புகையிரதத்தில் இருந்தவரை, கறுப்பினத்தவர் என்பதால் வேறு பெட்டிக்குப் போகச் சொன்னார்கள். எழும்ப மறுத்தார், இழுத்த நடத்துநரின் கையைக் கடித்தார், இறக்கிவிட்டதும் வழக்குப் போட்டார். 1884இல் 500 டொலர் நட்டஈடு தீர்ப்பானது. 1887இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தலைகீழாக்கி, வழக்குச் செலவையும் அவர் தலையில் கட்டியது. சட்டத்தை நம்பிப் போன அவருக்கு இது பெரிய அடி. 1889இல் ஃப்ரீ ஸ்பீச் என்ற மெம்பிஸ் பத்திரிகையின் பங்காளராகவும் ஆசிரியராகவும் ஆனார்.

அந்தக் காலத்தில் தெற்கு மாநிலங்களில், கும்பல் ஒன்று கூடி ஒருவரைப் பிடித்து விசாரணையின்றிக் கொல்வதை லிஞ்சிங் என்பார்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். வெள்ளைப் பெண்ணைக் கெடுத்தவனுக்குத்தான் இது நடக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்பட்ட காரணம். ஐடாவும் அதை ஓரளவு நம்பியிருந்தார். கொலை பிழைதான், ஆனால் கொல்லப்பட்டவனும் ஏதோ செய்துதான் இருப்பான் என்று தானும் நினைத்திருந்ததைத் தன் வாழ்க்கைக் கதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அடுத்த வீட்டுப் பொடியனைக் கொண்டுபோன நாட்களில் அதே வார்த்தையை எங்கள் ஒழுங்கையிலும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அவர் கண் திறந்தது 1892 மார்ச்சில். மெம்பிஸில் தோமஸ் மொஸ் என்ற தபால்காரரும் அவருடைய கூட்டாளிகளும் பலசரக்குக் கடை ஒன்றை நடத்தினார்கள். எதிரே இருந்த வெள்ளையரின் கடைக்கு அது போட்டியாகிவிட்டது. தகராறு முற்றி, ஓர் இரவில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. மொஸ், கல்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் மூவரும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். மார்ச் 9 விடியுமுன் கும்பலொன்று அவர்களை வெளியே இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. மொஸ் ஐடாவின் நண்பர். மொஸின் மகளுக்கு ஐடா ஞானத்தாய். இந்த மூவர் மீதும் எந்தப் பெண்ணும் எந்தக் குறையும் சொல்லவில்லை. அப்படியானால் மற்றவர்கள் எதற்காகக் கொல்லப்பட்டார்கள்? அன்று தொடங்கியது அவருடைய கணக்கு.

முதலில் தன் மக்களிடம் எழுதினார்: உயிருக்குப் பாதுகாப்புத் தராத நகரத்தை விட்டுப் போங்கள், போகும்வரை ட்ராம் வண்டியில் ஏறாதீர்கள். ஆயிரக்கணக்கானோர் ஒக்லஹோமா பக்கம் புறப்பட்டார்கள். வருமானம் சரிந்ததும் ட்ராம் கம்பனியின் பெரியவர்கள் இருவர் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து நின்றார்கள். கறுப்பினத்தவர்கள் மின்சார வண்டிக்குப் பயந்துதான் ஏறாமல் இருக்கிறார்கள் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள்! அந்த உரையாடலை அப்படியே அடுத்த இதழில் போட்டு, பகிஷ்கரிப்பைத் தொடருங்கள் என்றார் ஐடா.

மே மாதம், சொல்லப்பட்ட காரணமே பொய் என்று ஆசிரியர் தலையங்கம் எழுதினார். அவர் வெளியூரில் இருந்த வேளையில் கும்பல் அச்சகத்தை அடித்து நொறுக்கியது. திரும்பி வந்தால் உயிர் இல்லை என்ற செய்தியும் வந்தது. நியூயோர்க்கிலேயே தங்கி அங்குள்ள கறுப்பினப் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். 1892இல் தெற்கின் கொடூரங்கள் பற்றிய சிறுநூலும், 1895இல் ரெட் ரெக்கோர்ட் என்ற நூலும் வந்தன.

இவற்றை வாசிப்பவருக்கு முதலில் தெரிவது, அவர் தன் மக்களின் வாய்ச்சொல்லை மட்டும் ஆதாரமாக வைக்கவில்லை என்பது. வெள்ளையரின் சிகாகோ ட்ரிபியூன் தொகுத்து அச்சிட்ட எண்ணிக்கையை எடுத்தார். எட்டு வருடங்களில் 728 கறுப்பினத்தவர்கள் கொல்லப்பட்டதாக அந்தக் கணக்கு சொன்னது. பெண்ணைக் கெடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். அதுவும் வெறும் குற்றச்சாட்டு. மிச்சப் பேர் எதற்காக? ரெட் ரெக்கோர்ட்டில் 1893ஆம் ஆண்டுப் பட்டியலைக் குற்றச்சாட்டு வாரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். பெரும்பாலான வரிகளில் திகதி, பெயர், ஊர். வெள்ளையரை அவமதித்தது என்பது ஒரு தலைப்பு. குற்றம் எதுவும் இல்லை என்பது இன்னொரு தலைப்பு. அந்தத் தலைப்பின் கீழும் பெயர்கள் இருக்கின்றன. இவற்றைப் பொய் என்று சொல்ல வேண்டுமானால் வெள்ளையர்கள் தங்கள் பத்திரிகையையே பொய் என்று சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பத்திரிகைக்கு எட்டாத சாவுகள் அந்தக் கணக்கில் ஏறவில்லை. மறுக்க முடியாத எண்ணிக்கை வேண்டும் என்பதற்காக முழுமையற்ற எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டார். இது சரியா என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். சாட்சி இல்லாத பிள்ளையின் அம்மாவிடம், உங்கள் பெயர் இந்தப் பட்டியலில் வராது என்று சொல்வது இலேசான காரியமா?

நூலின் முடிவில் வாசகர் செய்ய வேண்டியதையும் எழுதினார். இந்த விபரங்களைப் பரப்புங்கள், தேவாலயங்களில் தீர்மானம் போடுங்கள், கும்பல் ஆளும் இடத்துக்கு முதலீடு போகாது என்று வியாபாரிகளுக்கு உணர்த்துங்கள். மனச்சாட்சி அசையாத இடத்தில் பணப்பை அசையும் என்பதை ட்ராம் வண்டியிலேயே கண்டவர் அல்லவா! 1893இலும் 1894இலும் பிரித்தானியாவுக்குப் போய் ஊர் ஊராகப் பேசினார். மெம்பிஸின் பருத்தியை வாங்குபவர்கள் அங்கேதான் இருந்தார்கள். அழைத்தவர்களில் ஒருவரான கத்தரின் இம்பி நடத்திய சஞ்சிகையின் பெயர் சாதி எதிர்ப்பு என்று பொருள்படும். நிறவெறியை அந்தப் பெண்மணி சாதி என்றே அழைத்தார். 1894இல் மெம்பிஸுக்கு அருகே ஆறு கறுப்பினத்தவர்கள் கொல்லப்பட்டபோது, மொஸின் சாவுக்கு வாய் திறக்காத அதே நகரத்து வணிகர்கள் கூடிக் கண்டித்து, விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் பணம் சேர்த்தார்கள். கொன்றவர்கள் தண்டிக்கப்படவில்லை.

சொந்தப் பக்கத்திலும் அவருக்கு நிம்மதி இருக்கவில்லை. கடுமையாக எழுதுகிறார், விட்டுக்கொடுக்கத் தெரியாதவர் என்றார்கள். 1909இல் கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கம் உருவானபோது, அமைப்புக் குழுவின் பட்டியலில் முதலில் அவர் பெயரே இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். இதற்கிடையில் 1895இல் சிகாகோ வழக்கறிஞர் ஃபேர்டினண்ட் பார்னெட்டை மணந்து நான்கு பிள்ளைகளை வளர்த்தார்.

1919இல் ஆர்கன்சோ மாநிலத்தின் எலெய்ன் பகுதியில், பருத்திக்கு நியாயமான கணக்குக் கேட்டுச் சங்கம் சேர்ந்த குத்தகை விவசாயிகள் மீது வன்முறை ஏவப்பட்டது. ஏராளமான கறுப்பினத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆனால் மரண தண்டனை விதிக்கப்பட்டது 12 கறுப்பின விவசாயிகளுக்கு. ஐடா 1892இன் பின் முதல்முறையாகத் தெற்கே திரும்பினார். கைதிகளின் தாய்மாரோடும் மனைவிமாரோடும் ஓர் உறவுக்காரியைப் போலச் சிறைக்குள் போனார். காவலாளி கவனிக்கவில்லை. அவர்கள் சாவைப் பற்றியும் மறுவுலகத்தைப் பற்றியும் பாடினார்கள், பேசினார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஐடா, சாவதைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள், இந்தக் கதவு திறக்க வேண்டும் என்று வேண்டுங்கள் என்றார். பிறகு ஒவ்வொருவரிடமும் எத்தனை ஏக்கர், எவ்வளவு பருத்தி, எந்தெந்தப் பொருட்கள் பறிபோயின என்று கேட்டு எழுதினார். 1920இல் அது சிறுநூலாக வந்தது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், படிப்படியாகப் பன்னிரண்டு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

1931 மார்ச் 25ஆம் திகதி ஐடா சிகாகோவில் காலமானார். வாழ்க்கைக் கதையை முடிக்கவில்லை. கடைசி வசனம் பாதியில் நிற்கிறது. அவருடைய மகள் அதை 1970இல் நூலாக்கினார். ஒரு குளிர்கால ஞாயிறு இரவு தன் வீட்டுக்கு வந்த இளைஞன் ஒருவனைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு பேரில் அவனும் ஒருவன். அவரைத் தேடி வந்து நன்றி சொன்னான். சாவைப் பற்றிப் பேசாதீர்கள் என்று உங்கள் அம்மா எங்களுக்குச் சொன்னவர் என்று, பக்கத்தில் நின்ற அவருடைய பெண்பிள்ளைகளுக்குச் சொன்னான்.