700 ரூபாயும் ஒரு மருந்துச் சீட்டும்



சொந்தத் தொழில் தொடங்குவது பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். வேதியியல் படித்துவிட்டு, வீட்டுக் கொல்லையில் பினாயில் தயாரித்து, பை நிறைய பாட்டில்களோடு கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். புதுச் சரக்கை யாரும் கேட்கிறதில்லை என்று சொல்லி எல்லாருமே திருப்பி அனுப்பினார்கள். பேசாமல் வேலைக்குப் போய்விடலாமா என்றிருந்த அந்த நாட்களில் எனக்குத் தெம்பு கொடுத்தது ஒரு வேதியியல் பேராசிரியரின் வாழ்க்கை. என் கதையைவிட அவர் கதைதான் உங்களுக்குப் பிரயோஜனம்.

ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் 1861 ஆகஸ்ட் 2 அன்று, இன்று வங்கதேசத்தில் இருக்கும் ராருலி கிராமத்தில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1887-இல் டி.எஸ்ஸி. பட்டம் வாங்கி, மறு வருஷம் ஊர் திரும்பினார். 1889-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 250 ரூபாய்.

அதோடு திருப்திப்பட்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. படித்த பிள்ளைகள் குமாஸ்தா வேலைக்கு அலைவதும், மருந்தெல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வருவதும் அவர் மனசை உறுத்தின. 1892-இல் அப்பர் சர்க்குலர் ரோடு 91-ஆம் எண் வாடகை வீட்டில், சேமிப்பிலிருந்து 700 ரூபாய் போட்டு 'பெங்கால் கெமிக்கல்' தொழிலைத் தொடங்கினார். பகலில் கல்லூரி, சாயங்காலம் வந்ததும் மருந்து காய்ச்சும் வேலை. மாட்டெலும்பிலிருந்து சோடியம் பாஸ்பேட் எடுக்கலாம் என்று மொட்டை மாடியில் எலும்பைப் பரப்பினார். மழையில் அது நாறிப்போய், காக்கைகள் கூடி, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்ததுதான் மிச்சம்! அதற்கும் அவர் அசரவில்லை.

மருந்து தயாரானது. ஆனால் வாங்க ஆள் வேண்டுமே? மருந்துக் கடைக்காரர்கள் உள்ளூர்ச் சரக்கைத் தொடத் தயங்கினார்கள். வருகிறவர்கள் சீமை மருந்தைத்தான் கேட்கிறார்கள், இதை வாங்கி வைத்து என்ன செய்வது என்பது அவர்கள் கட்சி. அதிலும் நியாயம் இருக்கத்தானே செய்கிறது?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ராயின் நண்பர் டாக்டர் அமூல்ய சரண் போஸ். கடைக்காரரிடம் மன்றாடுவதை விட்டுவிட்டு, மருந்தை எழுதிக் கொடுக்கும் டாக்டர்களிடம் அவர் பேசினார். ராதா கோவிந்த கர், நீல்ரதன் சர்க்கார் போன்ற பெயர்பெற்ற மருத்துவர்கள் இந்த மருந்துகளை எழுத முன்வந்தார்கள். நோயாளி சீட்டோடு வந்து நின்றால் கடைக்காரர் மருந்து வைத்துத்தானே ஆகவேண்டும்! சீமை முறை மருந்துகளோடு ஓம வாட்டர், ஆடாதோடை சிரப், நிலவேம்புச் சத்து என்று நம் பாட்டிமார்களுக்குப் பழக்கமான சரக்கும் தரம் பார்த்துப் பாட்டிலில் ஏறியது.

பிறகும் சோதனைகள் விடவில்லை. 1898-இல் பிளேக் நோய் அமூல்ய போஸைக் கொண்டுபோனது. கூட உழைத்த இளம் வேதியியலாளர் சதீஷ் சந்திர சின்ஹா, ஆய்வுக்கூட விபத்தில் ஹைட்ரோசயனிக் அமில விஷத்தால் இறந்தார். இரண்டு தோள்களும் ஒடிந்த மாதிரிதான். ஆனாலும் ராய் கதவைச் சாத்தவில்லை. 1901-இல் அது லிமிடெட் கம்பெனி ஆனது. 1905-இல் மாணிக்தலாவில் தொழிற்சாலை எழுந்தது.

கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமல், எளிய அறையில் மாணவர்களோடு வாழ்ந்தார். 60 வயதுக்குப் பின் பெற்ற பல்கலைக்கழகச் சம்பளத்தை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். 1944 ஜூன் 16 அன்று மறைந்தார். அவர் தொடங்கிய கம்பெனியை 1980-இல் அரசு நாட்டுடைமை ஆக்கியது.

இதைப் படித்தபிறகு நானும் கடைப் படிகளை விட்டேன். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அம்மாவிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்து, உபயோகித்துப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் போனால், வாசனை பரவாயில்லை, கறையும் போகுது, இன்னும் இருக்கா தம்பி என்று கேட்டார். அந்த 5 லிட்டர்தான் என் முதல் ஆர்டர்.

தம்பி தங்கைகளே, உங்கள் சரக்கை விற்கிறவரைத் தேடுமுன், அது யாருக்குத் தேவை என்று தேடுங்கள். முதல் வாடிக்கையாளர் அங்கேதான் இருக்கிறார். அடுத்த சந்திப்பில் உங்கள் கதையை நான் கேட்க வேண்டும்.