கோவை தந்த கார் வீரர் கரிவரதன்

மலர்க் குழு நண்பர்கள் இந்த முறையும் என்னை விடவில்லை. போன தடவை விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதித் தப்பித்தேன். இந்த முறை ஒன்றுகூடல் எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் நடக்கிறது. போதாததற்குப் பழைய கார் வைத்திருக்கிற நம்ம பசங்க எல்லோரும் அணி அணியாகப் பிரிந்து கல்வராயன் மலை வரை வண்டி ஓட்டுவதாகத் திட்டம் வேறு. கரும்பு லாரிக்கும் டிராக்டருக்கும் பட்டறை வைத்துப் பிழைக்கிறவன் நான். ஆகவே கார் பந்தயம் பற்றி எழுது என்று உத்தரவு. பந்தயத்தைப் பற்றி எழுதுவதைவிட ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. நாம் கோவையில் படித்த காலத்தில் அதே ஊரில் இருந்து இந்தியப் பந்தயக் களத்தையே மாற்றிக்கொண்டிருந்தவர், எஸ். கரிவரதன்.

அவர் பிறந்தது 1954 ஜனவரி 20. லட்சுமி மில்ஸ் குடும்பம். கோவைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பஞ்சாலை முதலாளி வீட்டுப் பிள்ளை என்றதும், அப்பா காசில் கார் ஓட்டியவர்தானே என்று நினைக்கத் தோன்றும். நானும் மாணவப் பருவத்தில் அப்படிப் பேசியவர்களோடு சேர்ந்து தலையாட்டியவன்தான். பணம் இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்குப் பணம் படைத்த பந்தயக்காரர்கள் நாட்டில் இன்னும் பலர் இருந்தார்கள். அவர்கள் காரை வாங்கினார்கள். இவர் காரைக் கட்டினார். வித்தியாசம் அங்கேதான்.

இளைய நண்பர்களுக்காக அந்தக் காலத்துப் பந்தயம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா சாலையில், சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம் அங்கே சும்மா கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. அவர்கள் அந்த ஓடுதளத்தையே பந்தயப் பாதையாக்கிக்கொண்டார்கள். நிரந்தரக் கட்டடம் கிடையாது, மரநிழல் கிடையாது. வைக்கோல் கட்டு, டயர், கயிறு, இவைதான் தடுப்பு. ஆனாலும் கூட்டம் திருவிழாக் கூட்டம்தான். நாங்கள் நாலு பேர் நீலகிரி எக்ஸ்பிரஸில் பொதுப் பெட்டியில் ஏறி வந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். வெயிலில் வெந்துபோய் நின்றதும், எண்ணெய் எரிகிற அந்த வாசனையும் இன்னும் மூக்கில் இருக்கிறது.

அங்கே ஓடியவை என்னென்ன என்று பாருங்கள். ஒரு பக்கம் நம்ம ஊர் ஃபியட், அம்பாசடர், சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பின் இருக்கையைக் கழற்றி எறிந்து, சைலன்சரை மாற்றி, எஞ்சினைத் தட்டிக்கொட்டிக் கொண்டுவருவார்கள். இன்னொரு பக்கம் வெளிநாட்டில் இருந்து வந்த அசல் பந்தயக் கார்கள். கோண்டல் அரச குடும்பத்தவர் ஓட்டினார். விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். பார்க்கப் பிரமாதம். ஆனால் பந்தயம் என்று பார்த்தால்? கொடி அசைந்த அரை நிமிஷத்தில் முடிவு தெரிந்துவிடும். வெளிநாட்டுக் கார் வைத்திருப்பவர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில். மற்றவர்கள் எல்லாம் பின்னால் தூசி தின்றுகொண்டு. அதுவும் அந்த வெளிநாட்டுக் காரில் ஒரு சிறிய சாமான் போய்விட்டால் அடுத்த வருஷம்வரை அது படுத்த படுக்கைதான். இறக்குமதிக் கட்டுப்பாடு அவ்வளவு கடுமை.

கரிவரதன் சோழவரத்தில் முன்வரிசையில் ஓட்டியவர். வெளிநாட்டுக் காரோடு மோத வேண்டிய இடத்தில் தாமே கட்டிய வண்டிகளையும் இறக்கினார். ஓட்டுநராகவே நின்றிருந்தால் சில கோப்பைகளும் பழைய பத்திரிகைப் படங்களும்தான் மிஞ்சியிருக்கும். எதிரில் ஓட ஆள் இல்லாத பந்தயத்தில் ஜெயித்து என்ன பயன்? இதை அவர் யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது; அவரோடு ஒரு வார்த்தை பேசியவன் இல்லை நான். அடுத்து அவர் செய்த வேலையைப் பார்த்தால் யோசித்திருக்கத்தான் வேண்டும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நாடே முன்பதிவுச் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தது. நமக்கெல்லாம் அது அடக்கமான குடும்பக் கார்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பின்னால் ஒரு குடை. 796 சி.சி., மூன்று சிலிண்டர், நாற்பது குதிரைத்திறனைக்கூடத் தொடாத எஞ்சின். கரிவரதன் அந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய எலும்புக்கூட்டில் பூட்டினார். மேலே லேசான உடல், ஒற்றை இருக்கை, வெளியே தெரிகிற நாலு சக்கரம். 1988இல் இது ஃபார்முலா மாருதி என்ற பெயரில் களத்துக்கு வந்தது.

பட்டறைக்காரன் கண்ணோடு பார்த்தால்தான் இதன் அருமை புரியும். குடும்பக் காரில் அந்த எஞ்சின் ஒரு முழுக் காரை, கதவு, கண்ணாடி, மெத்தை, நாலு பேர் எல்லாவற்றையும் இழுக்க வேண்டும். அத்தனையையும் இறக்கிவிட்டு ஒரே ஒரு ஆளை மட்டும் உட்கார வைத்தால் அதே எஞ்சின் துள்ளிக் குதிக்கும். ஹெட் கேஸ்கெட் போனால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். குழாய் வளைந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அறுத்து வெல்டு வைத்துக் காலையில் ஓட்டலாம். கோவையில் லேத்துக்கும் வார்ப்படத்துக்கும் பஞ்சமா என்ன? பம்ப் செட்டும் நூற்பு இயந்திரமும் செய்து பழகிய கைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. வெளிநாட்டில் இருந்து பெட்டி வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம், ஒரு கார் கட்டியதோடு அவர் நிற்கவில்லை. ஒரே மாதிரி பல கார்கள் கட்டி மற்றவர்களும் ஓட வழி செய்தார். எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்றால் யார் பணக்காரர் என்பது பந்தயத்தில் தெரியாது. வளைவுக்கு முன்னால் யார் கடைசி நொடிவரை பிரேக்கில் கால் வைக்காமல் இருந்தார், யார் முன்வண்டியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு காற்றின் தடையைத் தவிர்த்தார், இவைதான் தெரியும். தன்னைத் தோற்கடிக்கப் போகிறவனுக்குத் தானே வண்டி செய்து கொடுப்பதற்கு ஒரு மனசு வேண்டும். நம்மில் எத்தனை பேர் அசைன்மென்ட்டைக் காட்டினோம்?

இங்கிலாந்தில் இதே போல ஒருவர் இருந்தார், ஹாலண்ட் பர்க்கெட் என்று. தொழில் கால்நடை மருத்துவர். போருக்குப் பின் அங்கேயும் காசுக்குத் தட்டுப்பாடு. ஆஸ்டின் செவன் என்ற 747 சி.சி. சின்னக் காரை வைத்து, ஏழை பாழைகளும் ஓடக்கூடிய பந்தய முறையை 750 மோட்டார் கிளப் உருவாக்கியது. அதில் முன்நின்றவர்களில் பர்க்கெட்டும் ஒருவர். லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கிய காலின் சாப்மன் அந்தப் பள்ளியில் படித்த மாணவர்தான். 1951இல் சில்வர்ஸ்டோனில் அந்தக் கிளப் தொடர் ஓட்டப் பந்தயம் ஒன்றைத் தொடங்கியது. அதுவும் பழைய போர்க்கால விமானத் தளம்தான், சோழவரம் மாதிரி. ஆறு மணி நேரம். ஒரு அணியில் ஐந்தாறு கார்; ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். அது உள்ளே வந்து தோள்பட்டையை அடுத்தவரிடம் கொடுத்தால்தான் அவர் புறப்படலாம். வேகம் குறைந்த பழைய கார் அணிகளுக்கு முன்கூட்டியே சில சுற்றுகள் இனாம். ஆகவே கிழட்டுக் கார் அணியும் ஜெயிக்கலாம், ஜெயித்தும் இருக்கிறது. பர்க்கெட் 1963இல் விமான விபத்தில் இறந்த பிறகு அந்தப் பந்தயத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சோழவரத்தில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாத ஆபத்து எப்போதும் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் முறையான பாதை அமைத்து, 1990 வாக்கில் பந்தயங்கள் அங்கே மாறின. ஃபார்முலா மாருதி கார்கள் வரிசைகட்டி ஓடியதை நான் அங்கே பார்த்தேன். முதல் நாலைந்து கார்களை ஒரு போர்வையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். கோவைப் பையன் நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் ஃபார்முலா மாருதியில்தான். முதல் பந்தயத்திலேயே மேடை ஏறினார். 1992இல் பிரான்ஸில் எல்ஃப் வின்ஃபீல்டு பள்ளிக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்து, 1993இல் மறுபடியும் ஃபார்முலா மாருதியே ஓட்டினார். 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் நாலாம் இடம். மாருதி எஞ்சினில் இருந்து அங்கே போய் நிற்பது சாதாரணமா?

கரிவரதன் இதையெல்லாம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1995 ஆகஸ்ட் 24இல் விமான விபத்தில் காலமானார். வயது 41. பந்தயப் பாதையில் அத்தனை வருஷம் ஓட்டிய மனிதரை ஆகாயம் கொண்டுபோய்விட்டது. செய்தி வந்தபோது நான் கச்சிராயபாளையம் பக்கம் ஒரு டிராக்டரின் அடியில் படுத்திருந்தேன். தெரிந்தவர் இறந்தது போலவே இருந்தது. 2003இல் கோவை செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் பந்தயப் பாதை திறந்தார்கள்; பெயர் காரி மோட்டார் ஸ்பீட்வே. அந்தக் காரி இவர்தான் என்பது அங்கே டிக்கெட் எடுக்கிற பல பையன்களுக்குத் தெரியாது.

இனி நம்ம விஷயம். வெள்ளிமலை ஏறும் சாலையில் யார் குறைந்த நேரத்தில் ஏறுவது என்று போட்டி வைக்கலாம் என இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நான் இதற்கு ஒப்பவே மாட்டேன். அது பந்தயப் பாதை இல்லை, மலை மக்களின் ஒரே வாசல். கொண்டை ஊசி வளைவில் எதிரே மரவள்ளி மூட்டையோடு வேன் இறங்கும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் நடந்து வரும். கரிவரதன் தலைமுறை பொதுச் சாலையை விட்டு ஓடுதளத்துக்கும், அங்கிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கும் போனதை நாம் ஐம்பது வயதுக்கு மேல் மறந்தால் எப்படி?

மாற்று யோசனை சொல்கிறேன். பர்க்கெட் மாதிரித் தொடர் ஓட்டம், ஆனால் வேகத்துக்கு இல்லை, நேரம் தவறாமைக்கு. மூன்று கார் ஒரு அணி. கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் ஒருவர், அங்கிருந்து கோமுகி அணை ஒருவர், அணையில் இருந்து வெள்ளிமலை ஒருவர். குறித்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் முந்தினாலும் பிந்தினாலும் ஒரே அபராதம். கார் இல்லாதவர்கள் ஒவ்வொரு அணியிலும் கடிகாரத்தோடும் ஸ்பானரோடும் உட்காருவார்கள். நம்ம பேட்ச்சில் கார் இல்லாதவர்தான் அதிகம். துபாயில் இருந்து வரும் நண்பர் பெரிய வண்டி வாடகைக்கு எடுத்து வந்தால் அது சாப்பாடு ஏற்ற மட்டும்.

ஹெரால்டும் பத்மினியும் டால்பினும் கொண்டு வருபவர்கள் முதல் நாள் மாலையே என் பட்டறையில் வண்டியை விடவும். பிரேக்கையும் ஃபேன் பெல்ட்டையும் நானே பார்த்து விடுகிறேன். ஹெரால்டுக்காரர் மட்டும் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக எடுத்து வரட்டும். அணைக்கு மேலே ஏற்றத்தில் அது கட்டாயம் கொதிக்கும்.