காற்றைக் கணக்கிட்ட மாலுமி: சர் பிரான்சிஸ் சிச்செஸ்டர்

தண்டவாளத்தின்மீது ஓடும் வண்டிக்கு வழி தேடும் கவலையில்லை. ஆகாய விமானத்திற்கோ இட்ட பாதை என்று ஒன்றுமில்லை. காற்று அதனைக் கணந்தோறும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டேயிருக்கும். அத்தள்ளுதலைக் கணக்கிட்டு ஊர் சேரும் கலையைத் தாமே கற்றுத் தேர்ந்து, பின்னர்ப் பிறர்க்கும் பயிற்றுவித்த பெருமகனார் சர் பிரான்சிஸ் சிச்செஸ்டர்.

இவர் 1901ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 18ஆம் வயதில் நியூஸிலாந்து சென்று, பல தொழில்களில் உழன்று, நிலம் வாங்கி விற்கும் வாணிபத்தில் பொருளீட்டினார். 1929இல் விமானம் ஓட்டப் பழகி, அவ்வாண்டின் இறுதியிலேயே ஜிப்ஸி மாத் என்னும் சிறு விமானத்தில் தன்னந்தனியே இங்கிலாந்தினின்று புறப்பட்டு, 1930 ஜனவரியில் ஸிட்னி நகர் சேர்ந்தார்.

1931இல் நியூஸிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு டாஸ்மன் கடலைத் தனியே பறந்து கடக்கத் துணிந்தார். ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட அக்கடலை ஒரே மூச்சில் கடக்க அவ்விமானம் எண்ணெய் கொள்ளாது. இடையிலுள்ள நார்போக் தீவில் இறங்கியே செல்லவேண்டும். அத்தீவின் நீளமோ ஏறத்தாழ ஐந்து மைல். அது கண்ணில் படாவிடில் கடலே கதி.

நேரே தீவை நோக்கிச் சென்று, கணக்குப்படி சேரவேண்டிய இடத்தில் தீவு காணப்படாவிடில், அது இடப்புறமா வலப்புறமா என்று எவ்வாறு அறிவது? ஆகவே சிச்செஸ்டர் வேண்டுமென்றே ஒரு பக்கமாக விலகிப் பறந்தார். செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து, தீவின் வழியே செல்லும் கோட்டை அடைந்ததை உறுதி செய்தபின், தீவிருக்கும் திசையில் திரும்பினார். எப்பக்கம் திரும்புவது என்னும் ஐயத்திற்கு இடமேயில்லை. தீவும் கிட்டிற்று. அடுத்த லார்ட் ஹவ் தீவில் புயற்காற்று விமானத்தைக் கவிழ்த்துச் சிதைத்தது. தீவு மக்களின் துணையோடு பல வாரம் உழைத்து அதனை மீண்டும் உருவாக்கி, ஜூன் திங்களில் ஆஸ்திரேலியா அடைந்தார்.

இரண்டாம் உலகப் போரில், கண்பார்வைக் குறையால் முதலில் மறுக்கப்பட்ட இவரை 1941இல் பிரிட்டிஷ் விமானப் படை ஏற்றுக்கொண்டது. போர் விமானங்களில் அனுப்பப்படாவிடினும், வழியறியும் கலைபற்றிய பாடநூல்கள் எழுதினார். பின்னர் ஹல்லாவிங்டன் பயிற்சிப் பள்ளியில் அக்கலையைப் போதித்தார்.

தனியே பறக்கும் போர் விமானிக்குப் படம் விரிக்க இடமில்லை. கோடு கிழிக்க ஓய்வுமில்லை. புறப்படுமுன் வழியை நெஞ்சில் பதித்துக்கொண்டு, எஞ்சியதை மனத்திலேயே கணக்கிடவேண்டும். இக்கலையில் வழங்கும் வாய்பாடு மிக எளிது. மணிக்கு 240 மைல் வேகமெனில் நிமிடத்திற்கு 4 மைல். நேர்க்குறுக்கே வீசும் காற்று மணிக்கு 20 மைலெனில், 20ஐ 4ஆல் வகுக்க 5 பாகை. காற்று வரும் பக்கமாக அவ்வளவு திருப்பினால் போதும். அக்காற்றே 30 பாகை சாய்வாக வருமாயின் அதில் பாதி. இத்துணைச் சிறு கணக்கில் பிழை நேரின், எதிரியின் நிலத்திலோ கடலிலோ உயிர் போகும்.

போருக்குப்பின் எஞ்சிய விமானப் படங்கள் 15,000 வாங்கி, அட்டையில் ஒட்டித் துண்டு சேர்க்கும் விளையாட்டுப் பொருளாக்கி விற்று, படத் தொழில் நிறுவனம் கண்டார். 1958இல் நுரையீரலில் புற்றுநோய் என்றனர் மருத்துவர். அவரோ 1960இல் அட்லாண்டிக் கடலைத் தனியே கடக்கும் பாய்மரப் பந்தயத்தில் 40 நாட்களில் முதலிடம் பெற்றார். 1966–67இல், 65ஆம் வயதில், ஸிட்னியில் மட்டும் தங்கித் தனியே உலகைச் சுற்றிவந்தார். எலிசபெத் அரசியார் இவருக்குச் சர் பட்டம் வழங்கினார். 1972 ஆகஸ்ட் 26ஆம் நாள் பிளிமத் நகரில் இயற்கை எய்தினார்.

இன்று செயற்கைக் கோள்கள் இருப்பிடம் உரைக்கின்றன. ஆயினும் விமானம் பயிலும் மாணவர் காற்றுக் கணக்கை இன்னமும் கற்கின்றனர். பிழையே நேராது என்று இறுமாந்திராமல், நேரின் அது எப்பக்கம் என்பதை முன்னரே அறிந்து வைத்தல் வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் இளைஞர்க்கும் இஃது ஏற்ற பாடமன்றோ!