கித்தார் வாசிக்கத் தெரியாத லியோ

எனக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில், சென்ற ஆண்டு நம் கழகத்தின் கலை இரவுக்கு இரண்டே வாரங்கள் இருந்தபோது பழுதான ஒரு மின்கித்தாரைச் சரிசெய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மின்னியல் பொறியியல் படிக்கிறேன் என்பது மட்டுமே என் தகுதி.

அந்தக் கித்தார் என் தாய்மாமாவுடையது. தோட்டத்துத் திருமணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்தவர். 2021-இல் அவர் காலமான பின், அது எங்கள் வீட்டு அலமாரியின் மேல் பழைய சேலை போர்த்திக் கிடந்தது. நண்பன் ஒருவன் மேடையில் வாசிக்கக் கேட்டபோது அம்மா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். சத்தம் மாமா வாசித்தது போலவே இருக்க வேண்டுமாம்.

கித்தாரை ஒலிபெருக்கியில் இணைத்துப் பார்த்தோம். மூன்று பிக்கப்புகளில் இரண்டு வேலை செய்தன. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் ஊமையாக இருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் உள்ளே கம்பி அறுந்திருப்பது தெரிந்தது. அது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவில் செய்யப்பட்ட மலிவான கித்தார். அந்த வடிவம் யாருடையது என்று தேடப் போய்த்தான் லியோ ஃபெண்டரைச் சந்தித்தேன்.

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் 1909 ஆகஸ்டு 10-ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள். எட்டு வயதில் கட்டியொன்றால் இடது கண்ணை இழந்தார். அதன் பின் வாழ்நாள் முழுதும் கண்ணாடிக் கண்தான். பதின்மூன்று வயதில் அவருடைய மாமா ஒரு பெட்டியை அனுப்பினார். அதில் வானொலிப் பாகங்களும் ஒரு மின்கலமும் இருந்தன. மறு ஆண்டு மாமாவின் கடைக்குப் போய், அவர் தம் கையால் செய்த வானொலி பாடுவதைக் கேட்டார். அந்த ஒலி பசுமரத்தாணி போல் பதிந்துவிட்டது. இந்த இடத்தைப் படித்தபோது நான் சற்று நேரம் கணினியை மூடி வைத்தேன். என் மாமாவும் எனக்கு எட்டு வயதில் ஒரு பழைய கையடக்க வானொலியைக் கழற்றிப் பார்க்கக் கொடுத்தவர்தான். திரும்பப் பூட்டத் தெரியாமல் நான் அழுத கதை வேறு.

லியோ கல்லூரியில் படித்தது கணக்கியல். மின்னியலைத் தாமாகவே கற்றுக்கொண்டார். பியானோவும் சாக்சபோனும் பழகினார், கித்தாரை மட்டும் ஒருநாளும் கற்கவில்லை. பொருளாதார மந்தக் காலத்தில் கணக்கர் வேலை போயிற்று. 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார். அக்கம்பக்கத்து இசைக்கலைஞர்கள் ஒலிபெருக்கிகளையும் மின்கித்தார்களையும் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினர். பலர் நினைப்பது போல் மின்கித்தாரைக் கண்டுபிடித்தவர் லியோ அல்லர். 1930-களின் தொடக்கத்திலேயே ஜார்ஜ் போஷாம்ப் அதைச் செய்துவிட்டார். லியோ செய்தது வேறு வேலை. பழுதாகி வந்தவற்றைத் திறந்து, ஏன் பழுதாயிற்று என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

டாக் காஃப்மன் என்பவரோடு சேர்ந்து 1944-இல் ஒரு பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டார். 1948-இல் கிடைத்தது. காஃப்மன் 1946-இல் விலகிக்கொண்டார். கடன் பயம். லியோவுக்கு அந்தப் பயம் இல்லை போலும், அதே ஆண்டு தம் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்.

பிக்கப் என்பது என்ன? காந்தத் துண்டுகளைச் சுற்றி முடியைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது, அவ்வளவுதான். ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பில் சுமார் 8,000 சுற்றுகள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஐந்தாம் படிவ இயற்பியல் போதும் இதற்கு.

ஆனால் எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கம்பியின் ஒரு முனை பிரிட்ஜில் கட்டப்பட்டிருக்கிறது. அதன் அருகே கம்பி அதிகம் ஆட முடியாது. அங்கே அடிச்சுருதி மெலிந்து, அதன் மேல் எழும் நுண்சுரங்கள் தூக்கலாகக் கேட்கும். ஒலி கூர்மையாக இருக்கும். கழுத்துப் பக்கம் வைத்தால் ஆட்டம் பெரிது, ஒலி தடித்து இனிக்கும். பிரிட்ஜ் பிக்கப்பைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினாலும் காதுக்குத் தெரியும். ஆட்டம் குறைவு என்பதால்தான் அந்த இடத்துப் பிக்கப்புக்கு மட்டும் பலர் சற்றுக் கூடுதலாகச் சுற்றுகிறார்கள். அளவுக்கு மீறிச் சுற்றினால் சத்தம் பெருகும், கூர்மை மங்கும்.

1950-இல் லியோவின் நிறுவனம் குடைவில்லாத கட்டைக் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஸ்குவயர், பிராட்காஸ்டர் என்று பெயர்கள். வேறொரு நிறுவனம் முரசுகளுக்கு ஏறக்குறைய அதே பெயரை வைத்திருந்ததால் 1951-இல் அது டெலிகாஸ்டர் ஆயிற்று. அதன் பிரிட்ஜ் பிக்கப், மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கித்தார்களுக்கு அவர் செய்து வந்ததன் வாரிசு. அதை எஃகுத் தகட்டில் சாய்வாகப் பொருத்தினார். தடித்த கம்பிகளின் கீழ் அது பிரிட்ஜை விட்டுச் சற்று விலகியும், மெல்லிய கம்பிகளின் கீழ் நெருங்கியும் நிற்கும். இதனால் தடித்த கம்பிகள் கனமும், மெல்லியவை கூர்மையும் பெறும். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்புகள். அதிலும் பிரிட்ஜ் பக்கத்தது மட்டும் சாய்வு.

வாசிக்கத் தெரியாதவர் இதையெல்லாம் எப்படிச் சரியாகச் செய்தார்? கேட்டுக்கேட்டுத்தான். புதிதாகச் செய்ததை உள்ளூர்க் கலைஞர்களிடம் கொடுத்து மேடையில் வாசிக்க விடுவார். அவர்கள் சொல்லும் குறைகளைக் கண்ணும் கருத்துமாகக் கேட்டுத் திருத்துவார். ஹவாயில் பிறந்த ஃபிரெடி டவாரெஸ் போன்ற நல்ல வாசிப்பாளர்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். வாசிக்கத் தெரிந்திருந்தால் தம் கைக்கு ஏற்றதை மட்டும் செய்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. என் குறைக்கு நான் தேடும் சமாதானமாகவும் இருக்கலாம்.

மாமாவின் கித்தாருக்கு வருவோம். பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் இருப்பதிலேயே அதிகச் சுற்றுள்ள பிக்கப்பை வாங்கச் சொன்னார். நான் வாங்கவில்லை. உயிரோடிருந்த மற்ற இரண்டையும் அளந்தேன், இரண்டும் ஆறு கிலோ ஓம் அருகில் காட்டின. அதைவிடக் கொஞ்சமே கூடிய ஒன்றை வாங்கிப் பற்றவைத்தேன். முதல் முறை இரண்டு ஒயர்களையும் மாற்றி வைத்துவிட்டேன். நடுப் பிக்கப்போடு சேர்த்துப் போட்டால் சளிப் பிடித்த குரல் வந்தது. மறுநாள் மாற்றினேன். நண்பன் நன்றாகவே வாசித்தான். அம்மா கேட்டுவிட்டு, காது கூசுகிறது, அண்ணன் வாசித்தது இதுவல்ல என்றார்.

அன்றிரவு பழைய படங்களைப் புரட்டினேன். ஒரு திருமண மேடைப் படத்தில் மாமா கித்தாரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவர் இடக்கைக்காரர்! வலக்கைக் கித்தாரைத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்திருக்கிறார், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வாசித்தது போல. அப்படிப் பிடித்தால் லியோவின் சாய்வு தலைகீழாகிவிடும். மெல்லிய கம்பிகளின் கீழ் பிக்கப் பிரிட்ஜை விட்டு விலகிப் போகும், அவற்றின் கூர்மை குறையும். நண்பன் வலக்கைக்காரன். கம்பிகளை முறைப்படி மாற்றிக் கட்டியவனும் அவனே. அம்மாவின் காதில் இருந்தது தலைகீழ்க் கித்தார்.

சாய்வை மாற்ற மரத்தை வெட்ட வேண்டும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. கலை இரவுக்கு நான்கு நாள் இருந்தது.

லியோவின் மீதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்பட்ட தொற்று நோயால் உடல் நலிந்து, 1965-இல் நிறுவனத்தை சி.பி.எஸ். நிறுவனத்திற்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். பிறகு நோய் குணமாகிவிட்டது. விற்ற பணத்தில் ஓய்ந்து உட்கார்ந்திருக்கலாம். அவரோ 1970-களில் மியூசிக் மேன் நிறுவனத்திலும், பின்னர் நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் தொடங்கிய ஜி அண்ட் எல் நிறுவனத்திலும் மறுபடி பிக்கப்புகளையே குடைந்துகொண்டிருந்தார். அங்கே அவர் செய்த ஒரு பிக்கப்பில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழுள்ள இரும்பு முனையைத் திருகி உயரத்தை மாற்றலாம். பார்க்கின்சன் நோய் வந்த பின்னும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21-ஆம் நாள் தமது 81-ஆம் வயதில் மறைந்தார்.

அந்தத் திருகு முனைகள்தாம் எனக்கு வழி காட்டின. எங்கள் பிக்கப்பில் தனித்தனி முனைகள் கிடையாது, ஆனால் இரு பக்கமும் ஒவ்வொரு திருகாணி உண்டு. மெல்லிய கம்பிகளின் பக்கத்தைத் தாழ்த்தினேன். தடித்த கம்பிகளின் பக்கத்தைச் சற்று உயர்த்தினேன். அதிகம் உயர்த்தினால் காந்தம் கம்பியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். அடுத்து, இந்த வகைக் கித்தாரில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு மட்டும் தொனிக் குமிழ் இணைக்கப்படாதது வழக்கம். சுவிட்சில் ஒரு சிறு ஒயரை வைத்து அதையும் இணைத்தேன். இப்போது குமிழைத் திருகிக் கூர்மையைக் குறைக்கலாம்.

அம்மாவை விடுதி வாசலுக்கு வரச் சொல்லி, காரின் பின்னிருக்கையில் வைத்தே நண்பன் சிறிய ஒலிபெருக்கியில் வாசித்துக் காட்டினான். அம்மா கண்ணை மூடிக் கேட்டார். குமிழை இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். குறைத்தான். இன்னும் கொஞ்சம் என்றார். பிறகு கையைக் காட்டி அங்கேயே நிறுத்தச் சொன்னார். நான் குமிழின் பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.